ஒரு கணை அகலக் குழி

கைகள் கடப்பாரையைத் தூக்கி இறக்கின. நுனி மண்ணில் புதைந்த விதத்தை, சத்தம் காதுக்கு எட்டும் முன்பே உள்ளங்கை கண்டுகொண்டது. மேலே செம்மண், அதற்குக் கீழே கொஞ்சம் சரளை, பாறை இல்லை. சரளையைப் பெயர்த்து, மண்வெட்டியால் இழுத்து, இரும்புச் சட்டியில் அள்ளித் தலைக்கு மேலே நீட்டின. குறுக்கே வந்த தென்னை வேர்களை அரிவாளால் சீவின. ஒரே ஒரு வேரை மட்டும் சீவவில்லை. மூலையில், சுவரிலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது அது. அதைச் சுற்றி ஒட்டியிருந்த மண்ணை விரலால் தட்டிச் சுத்தம் செய்து, அப்படியே விட்டன.

"ஏலே ராசா, பங்கரா வெட்டுற, கல்யாண மண்டபமா?" மேலே கரையில் குந்தியிருந்த மேஸ்திரி சின்னச்சாமி கேட்டார். "மணவறைய எங்கன போடப் போற?"

"மண்டபம்னா சமையக்கட்டும் வேணுமே மேஸ்திரி," என்றாள் சட்டியை வாங்கிய பவுனு. "அதுக்கும் நான்தான் மண்ணு சொமக்கணும். சினிமாக்காரவுக எல்லாத்தையும் அட்டையிலதான செய்வாகன்னு சொன்னாக? இவன் நெசக் குழியவே வெட்டிக்கிட்டுக் கெடக்கான்."

குழிக்குள் இருந்தவன் அடுத்த சட்டியை நிரப்பினான். குழிக்குள் இருக்கும்போது அவன் எப்போதுமே பேசுவதில்லை.

தவராசா என்பது அவன் பெயர். கம்பத்திலிருந்து சின்னமனூர் வரைக்கும் அவனைத் தெரிந்தவர்களுக்கு வெறும் ராசா. கிணற்றை ஆழப்படுத்த வேண்டுமா, கக்கூசுக்கு உறை இறக்கக் குழி வேண்டுமா, சின்னச்சாமி செட்டைக் கூப்பிடுவார்கள். செட்டில் கீழே இறங்குகிறவன் ராசா. ஆறு வயதில் அம்மாவோடு இலங்கையிலிருந்து படகில் வந்து இறங்கியவன். பெரியகுளம் பக்கத்து அகதி முகாமில்தான் வளர்ந்தான். முகாமின் மற்ற ஆண்களைப் போல முதலில் பெயின்ட் அடிக்கத்தான் போனான். சாரத்தில் ஏறி நின்றால் முதுகுக்குப் பின்னால் வானம் முழுக்கத் திறந்து கிடந்தது. அது அவனுக்கு ஒத்துவரவில்லை. ஒருநாள் பெயின்ட் அடித்த வீட்டில் சின்னச்சாமி செட்டு குழி வெட்டிக்கொண்டிருந்தது. டப்பாவை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். மறுநாள் உள்ளே இறங்கிவிட்டான். யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. மண் எங்கே சரியும், எங்கே நிற்கும் என்று பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டான்.

வேலையிடத்தில் அவன் பேச்சு பள்ளத்தாக்குப் பேச்சு. வீட்டில் அம்மாவோடு மட்டும் அந்தப் பழைய பேச்சு. அதுவும் அதிகம் கிடையாது. "சாப்பிட்டனீங்களோ?" "ஓம்." "மருந்து எடுத்தனீங்களோ?" "ஓம்." அவ்வளவுதான். அவன் மனைவி மகாலட்சுமி கல்யாணமான புதிதில் இதைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். ஒரே கூரையின் கீழே இரண்டு பேரும் சண்டை போட்டால்கூடத் தேவலை என்று பக்கத்து வீட்டில் சொல்லி அழுதிருக்கிறாள். சண்டை இல்லை. கேட்காத ஒரு கேள்வி இருந்தது.

அன்றைக்கு, ஊரில் குண்டு விழுந்தபோது அவர்கள் ஒளிந்திருந்த பங்கரில், அந்தப் பதுங்கு குழியில், அண்ணனுக்கு இடம் இருந்தது. இது ராசாவுக்குத் தெரியும்.

கண்ணை மூடினால் அந்தக் குழி அப்படியே வரும். மேலே பனங்குற்றிகளை, பனைமரத் துண்டுகளை, அடுக்கி மண் போட்டிருந்தது. வாசலில் மட்டும் ஒரு துண்டு வெளிச்சம். அவனைச் சுற்றி வெறும் தரை. எழுந்து நடந்து போனால் தூரத்து மூலையில் ஒரு வேர். அதைப் பிடித்து இழுத்தான். திரும்பி நடந்து வந்தான். காலை நீட்டிப் படுத்தான். அவ்வளவு இடம். அதே குழியின் வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்து அம்மா கத்தியதும் அவன் காதில் இருக்கிறது. "இடமில்லையடா, செல்லையா வீட்டுப் பங்கருக்கு ஓடு!" அண்ணன் நேசன் ஓடினான். செல்லையா வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

இந்தக் குழி வேலை வந்தது ஒரு படத்துக்காக. கம்பத்துக்கு மேற்கே, மலை அடிவாரத்தில், அழகுமலையின் தென்னந்தோப்பைப் பேசி எடுத்திருந்தார்கள். படத்துக்கான இடங்களைக் கட்டுகிற பொறுப்பு ஷீபாவுடையது. குமுளிக்கு அந்தப் பக்கத்துக்காரி. தமிழ் நன்றாக வரும். அவசரத்தில் மலையாளம் முந்திக்கொள்ளும். பங்கர் ஒன்று வேண்டும் என்று அவள் சின்னச்சாமியிடம் சொன்னபோது அவர் ராசாவின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இவனக் கேளுங்க மேடம். நெசமாவே அதுக்குள்ள இருந்து வந்தவன்."

ஷீபா தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, கீழே மட்டைமேல் உட்கார்ந்தாள்.

"ராசாண்ணா, இந்தப் படத்துல யுத்தம் உண்டு. ஆனா பட்டாளக்காரன் முகம் கிடையாது. எட்டு வயசுக் குட்டி ஒருத்தி பாக்கறது மட்டும்தான் படம். அவ உயரத்துலதான் கேமரா. பூட்ஸ் தெரியும், பெல்ட் தெரியும், துப்பாக்கியோட அடிக்கட்டை தெரியும். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. நீங்க சின்னக் குட்டியா உள்ள இருந்தப்ப அது எப்படி இருந்துச்சோ, அப்படியே வேணும். நான் அளவு தரமாட்டேன்."

அளவு தராத வேலையை ராசா அதுவரை செய்ததில்லை. செட்டில் டேப்பு உண்டு என்றாலும் அதை எடுப்பது குறைவு. மம்பட்டிக் கணைதான், அதாவது மண்வெட்டியின் மரப்பிடிதான் அளவு. ஒரு கணை, ஒன்றரைக் கணை என்று தரையில் போட்டுக் கோடு கீறிவிட்டு இறங்குவார்கள். இந்த முறை அவன் கணையைக் கீழே வைக்கவில்லை. தோப்பின் நடுவில் நின்று கண்ணை மூடினான். அந்தத் தரையை மனதில் நடந்து பார்த்தான். கண்ணைத் திறந்து, நடந்த இடத்தைக் கடப்பாரையால் கீறினான்.

குழி முடிந்து, தென்னங்குற்றிகளை ஒரு பக்கம் மட்டும் அடுக்கியிருந்த அன்று ஷீபா உள்ளே இறங்கிப் பார்த்தாள். நின்றாள், நடந்தாள், மூலைக்குப் போய் வேரைத் தொட்டாள்.

"அதே, அதே! கேமரா, லைட்டு, ஆளு எல்லாம் உள்ள வரும்," என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "ராசாண்ணா, இதை நேர்ல பாத்த பெரிய ஆள் யாராவது உண்டா? வந்து பாத்தாக் கொள்ளாம், நல்லா இருக்கும்."

"எங்க அம்மா இருக்காக," என்றான் ராசா.

அவள் கேட்காமல் இருந்திருந்தாலும் அவன் அழைத்து வந்திருப்பான். கீறிய அன்றே அது முடிவாகிவிட்டது. வாயால் கேட்க முடியாததை மண்ணால் கேட்கப் போகிறான். அம்மாவை அந்தக் கரையில் நிறுத்தி, இங்க பாருங்கோ, இவ்வளவு இடம் இருந்தது என்று காட்ட வேண்டும். அதற்கு அம்மா என்ன சொன்னாலும் சரி. ஒன்றும் சொல்லாமல் நின்றாலும் சரி.

கம்பம் பஸ்ஸில் அம்மா வழக்கம்போலப் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். எந்த பஸ்ஸிலும் அவளுக்கு அந்த இடம்தான். வீட்டிலும் நிலைப்படி ஓரமாகத்தான் சாப்பாடு, நிலைப்படி ஓரமாகத்தான் பாய். மழை அடித்தாலும் உள்ளே தள்ளிப் படுக்கமாட்டாள். முகாமில் ஆட்களைச் சரிபார்க்க வரும்போது முதல் ஆளாக எழுந்து நின்று பழகிய பழக்கம் என்று ராசா நினைத்திருந்தான். அன்றும் அவன் மூன்று சீட்டு தள்ளி உட்கார்ந்து, உத்தமபாளையம் தாண்டும் வரை அவளுடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

தோப்பில் பவுனு ஓடிவந்து கையைப் பிடித்தாள். "வாங்க ஆத்தா. ஒங்க மகன் ஒரு அரமன கட்டியிருக்கான், வந்து பாருங்க."

தோப்புக்காரர் அழகுமலையும் வந்து நின்றார். "பாத்துட்டு மூடச் சொல்லுங்க தாயி. எம் மாடு விழுந்துச்சுன்னா மாட்டுக்கும் படத்துல ஒரு வேசம் குடுக்கணும்."

அம்மா சிரித்துக்கொண்டே கரைக்கு வந்தாள். குனிந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"இது ஆரின்ர பங்கர்?" என்று கேட்டாள்.

"எங்கடதான்," என்றான் ராசா. குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "எங்கட வீட்டுப் பின்வளவில இருந்தது. இவ்வளவு பெருசுதானே, அம்மா?"

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்கு ஞாபகம் இருக்கு. நான் உதுக்குள்ள நடந்தனான். அந்த மூலையில வேர் இருந்தது. பிடிச்சு இழுத்தனான்."

அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கேட்டது என்ன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அது எப்போது வரும் என்று இத்தனை வருடமாக எதிர்பார்த்தவள்போல ஒரு மூச்சு விட்டாள்.

"அந்த மண்வெட்டியை எடு," என்றாள்.

கொடுத்தான். அவள் குழியை விட்டு விலகி, நிழலில் இருந்த சமதரைக்குப் போனாள். மண்வெட்டியைத் தரையில் கிடத்தினாள்.

"கொப்பர் வெட்டினது," என்றாள், அவன் அப்பாவைக் குறித்து. "அந்த மனுசனிட்ட வேற அளவுகோல் எங்க இருந்தது? அகலம் ஒரு பிடி. நீளம் ரெண்டு பிடி. அதுக்கு மேல வெட்ட விடாமல் கீழ கல்லு. கோடு கீறு."

ராசா நகரவில்லை. சின்னச்சாமிதான் கடப்பாரையை வாங்கிக் கீறினார். ஒரு கணை, இரண்டு கணை. தரையில் ஒரு கட்டம் விழுந்தது. ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டால் மூடிவிடும்.

"இவ்வளவுதானா ஆத்தா?" என்றாள் பவுனு.

"நீ வா பிள்ளை. இதில இரு. முழங்காலை மடக்கு, இன்னும். நீ மலர். பக்கத்து வீட்டுக்காரி." அம்மா திரும்பி ஷீபாவைப் பார்த்தாள். "நீங்களும் வாங்கோ. மலரின்ர மாமி, பெருத்த மனுசி. அவளின்ர பருமனுக்கு நீங்கள் காணாது. எண்டாலும் இருங்கோ."

ஷீபா பவுனுவுக்கு எதிரே முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். மண் அள்ளும் இரும்புச் சட்டி இரண்டை எடுத்து இருவருக்கும் நடுவில் கவிழ்த்தாள் அம்மா. "இது மலரின்ர பொடியள் ரெண்டு பேர்." பிறகு தானும் உட்கார்ந்தாள், கட்டத்தின் ஓரத்தில், குழியின் வாசல் வரவேண்டிய இடத்தில். பவுனுவின் முழங்கால் அவள் விலாவில் முட்டியது. கவிழ்த்த சட்டி ஒன்று ஷீபாவின் காலடியில் உரசிக் கிறீச்சிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

அம்மா நிமிர்ந்து மகனைப் பார்த்து மடியைத் தட்டினாள். அந்த நரை விழுந்த மகன் அசையாமல் நின்றான். அவன் தோளில் கிடந்த துண்டை எட்டி இழுத்து, சுருட்டி, மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ இதில இருந்தாய். வேர் உன்ர தலைக்கு மேலதான் இருந்தது, கையெட்டுற தூரம். இப்ப கொண்ணன் நேசன் வாறான். வாசல்ல நிக்கிறான். தண்ணிக்குடத்தை உள்ள தந்திட்டு நிக்கிறான். சொல்லு. அவனை எதில வைக்க?"

கட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தான் ராசா. எத்தனை குழிக்கு அளவு போட்டவன். ஒரு உறை எங்கே இறங்கும், எங்கே இறங்காது என்று பார்வையிலேயே சொல்கிறவன். சட்டியைத் தள்ளிப் பார்த்தான், மனதுக்குள். பவுனுவை நகர்த்திப் பார்த்தான். எங்கேயும் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இடம் வரவில்லை.

"நான் நடந்தனான்," என்றான் மறுபடியும். "கால் நீட்டிப் படுத்தனான். பொய் இல்லை, அம்மா."

"ஆர் பொய் எண்டது? நடந்திருப்பாய். அது பேந்து, எல்லாம் முடிஞ்ச பிறகு." அவள் மடியிலிருந்த துண்டின் முனையைத் திருகினாள். "சத்தம் நிண்டவுடன நாங்கள் எல்லாரும் வெளியில ஓடினனாங்கள், அவனைத் தேடி. நீ பார்க்கக் கூடாதெண்டு உன்னை உள்ள விட்டிட்டு, அசையாத எண்டு சொல்லிப்போட்டு ஓடினனான். பொழுதுபட்டுப் போச்சு. ஆரோ ஒருத்தர் இளையவன் எங்கயெண்டு கேட்டாப் பிறகுதான் உன்ர நினைப்பு வந்தது. வந்து பார்த்தா வேரைப் பிடிச்சபடி இருந்தாய். அவ்வளவு நேரமும் நீ தனியத்தான் இருந்தனீ. ஆக்கள் இல்லாட்டி அது பெருசுதானே. ஆறு வயசுக்கு."

தோப்பில் எங்கோ ஒரு மட்டை விழுந்தது. பவுனு முழங்காலை மடக்கியபடியே உட்கார்ந்திருந்தாள். எழுந்துகொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ராசா அம்மாவின் அருகில் குந்தினான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். "அப்ப இடம் இல்லைத்தான்," என்று அவளுக்கு விடுதலை கொடுப்பதுபோல ஒரு வார்த்தை அது. அம்மா கையைத் தூக்கித் தடுத்தாள்.

"இடம் இல்லைத்தான். அது எனக்குத் தெரியும், அளந்து பார்க்கத் தேவையில்லை. ஆனா நான் வாசல்ல இருந்தனான், ராசா. உன்னை மலரிட்டக் குடுத்திட்டு நான் எழும்பி வெளியில போயிருந்தா ஒராளின்ர இடம் வந்திருக்கும். அது எனக்கு அந்த நேரம் வரேல்லை. ஓடு எண்டுதான் வாயில வந்தது. ஒவ்வொரு நாளும் நான் எழும்பிப் பார்க்கிறன். எழும்பிறது ஒண்டும் கஷ்டமாத் தெரியேல்லை."

சொல்லிவிட்டு, கையை ஊன்றி எழுந்தாள். அவள் எழுந்ததும் கட்டத்தின் வாசலில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு வெறும் தரை தெரிந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

திரும்புகிற பஸ்ஸில் அவள் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தாள். ராசா அவளருகில் நின்றான்.

"நீங்கள் உள்ளுக்க தள்ளி இருங்கோ, அம்மா. வாசல் பக்கம் நான் இருக்கிறன்."

அம்மா தள்ளி உட்காரவில்லை. ஆனால் முழங்காலைத் திருப்பி, ஜன்னல் பக்கம் போக அவனுக்கு வழிவிட்டாள். சின்னமனூர் வரைக்கும் அவள் தோள் அவன் தோளில் உரசிக்கொண்டு வந்தது. அந்த நெருக்கத்தை அவன் உடம்பு எங்கோ அறிந்திருந்தது. ஒரு பக்கம் அம்மாவின் விலா, இன்னொரு பக்கம் யாரோ ஒருவருடைய முழங்கால், தலையில் யாருடைய மூச்சோ. அந்த மூச்சு மலரக்காவுடையதாக இருக்க வேண்டும். இத்தனை வருடமாக அது அவன் நினைவில் வந்ததே இல்லை.

மறுநாள் காலையில் பெரிய குழியை மூடப் போனவனை ஷீபா தடுத்தாள்.

"வேண்டாம். எல்லாரும் உள்ள இருக்கும்போது சின்னக் குழி. எல்லாரும் போனப்புறம் குட்டி தனியா இருக்கும்போது இந்தப் பெரிய குழி. ரெண்டும் ஒரே குழிதான். டைரக்டர்கிட்ட ராத்திரியே சொல்லிட்டேன். அம்மா சொன்னதுன்னு சொல்லலாமா?"

"பேரு வேணாம் மேடம்," என்றான் ராசா.

கட்டம் இருந்த இடத்திலேயே இறங்கினான். இந்த முறை ஒவ்வொரு சாணுக்கும் கணையைக் குறுக்கே வைத்துப் பார்த்தான். சுவரில் விரல் அளவு கூடிப்போன இடத்தில் ஈர மண்ணை அப்பித் தட்டினான். குழி வெட்டுகிறவன் மண்ணைத் திரும்ப ஒட்டுவதைச் சின்னச்சாமி தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. கல்யாண மண்டபம் என்று கேலி பேசியவர், கரையில் உட்கார்ந்து பீடியைப் பிடித்தபடி அதையே பார்த்தார். தென்னை வேர் ஒன்று சுவரில் சரியான இடத்தில் தானாக வரவில்லை. பெரிய குழியின் மூலையில் நீட்டியிருந்த வேரில் பாதியை வெட்டி எடுத்து, சின்னக் குழியில், மடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் தலைக்கு மேலே கையெட்டும் தூரத்தில் ஆழமாகச் சொருகினான். பெரிய குழியில் வெட்டுப்பட்ட வேரின் மிச்சம் இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அது போதும்.

மேலே குற்றிகள் அடுக்கி, சாக்கில் மண் நிறைத்துப் போட்டார்கள். வாசல் மட்டும் திறந்திருந்தது.

சின்னச்சாமி செட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கிணறோ குழியோ, ஒப்படைத்துவிட்டால் வெட்டியவன் அதற்குள் மறுபடி இறங்கக் கூடாது. என்ன விழுந்தாலும், யார் கூப்பிட்டாலும் உரியவர்கள்தான் இறங்க வேண்டும். ராசா எத்தனையோ குழியிலிருந்து அப்படி ஏறியிருக்கிறான். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் ஷீபா வந்தாள். கூடவே படத்தில் நடிக்கும் சிறுமி அபிதா, கையில் பாதி கடித்த கொய்யாவோடு. ராசா உள்ளே உட்கார்ந்திருந்தான், வாசல் ஓரமாக. மலரக்காவின் இடம், அவளுடைய மாமியின் இடம், பிள்ளைகளின் இடம் எல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால் இருட்டில் இருந்தன. வாசலில் ஒரு துண்டு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் சிறுமியின் கால்கள் வந்து நின்றன. முட்டிக்குக் கீழே மட்டும் தெரிந்தது.

"அங்கிள், நான் உள்ள வரவா? இடம் இருக்கா?"

ராசா மண்வெட்டியை முதலில் மேலே கொடுத்தான். விளிம்பில் கையை ஊன்றி, எழுந்து, வெளியே வந்தான். வாசலில் ஒரு ஆள் இடம் காலியானது.

"இருக்கும்மா," என்றான். "எறங்கு. தல முட்டாமக் குனிஞ்சு போ. மேல ஒரு வேரு இருக்கும், பிடிச்சுக்க."

சிறுமியின் கையைப் பிடித்து உள்ளே இறக்கிவிட்டு, உள்ளங்கை மண்ணை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவன் ஷீபாவின் பக்கம் திரும்பினான்.

"வேலை முடிஞ்சுது மேடம். இனிமே இது ஒங்க குழி."